எண்பத்து மூன்றில் ஓடிய மெஷின்

ஷார்ஜா
12.2.1999

ஹஃப்ஸாவுக்கு ஸலாம்.

உன் கடிதத்தைக் கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து இரண்டு தடவை படித்தேன். கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கத்தை நீ வீடியோ எடுத்துவரும் டேப்பை இனியும் இரண்டு விசிஆரை வைத்துக்கொண்டு வெட்டி ஒட்ட முடியாது, மலேசியாவிலும் லண்டனிலும் இருக்கிற நாத்தனார்கள் எல்லோரும் சிடி கேட்கிறார்கள், ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்கிறாய். நியாயம்தான். அதிராம்பட்டினத்தில் பெண்களைப் படமெடுக்க ஒரு பெண் வந்திருக்கிறாள் என்று இங்கே நம் ஊர்க்காரர்கள் ரூமில் பேசிக்கொள்கிறார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

எந்த பிராசஸர் போடுவது என்பதுதான் கேள்வி. கம்ப்யூட்டர் கடையில் நிற்கிறவனின் மனைவி இதற்கு வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை. எங்களிடம் இப்போது மூன்று வகை இருக்கிறது. பென்டியம் டூ நல்ல சாமான், ஆனால் நம் கைக்கு எட்டாது. கே சிக்ஸ் மலிவு, எழுதப் படிக்க அருமையாக இருக்கும், படத்தைச் சுருக்குகிற வேலை கொடுத்தால் மூச்சு வாங்கும். மூன்றாவது செலரான் முந்நூறு. இதையும் மலிவென்றுதான் விற்கிறோம். ஆனால் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. மதர்போர்டில் ஒரு அளவு உண்டு, எல்லாப் பாகங்களும் அந்தத் தாளத்துக்குத்தான் ஓடும். அதை அறுபத்தாறிலிருந்து நூறுக்குத் தூக்கிவிட்டால் இந்த முந்நூறு, நானூற்று ஐம்பதில் ஓடும். விலை உயர்ந்ததோடு தோளுக்குத் தோள் நிற்கும். ஓவர்கிளாக்கிங் என்று பெயர். கடைக்கு வருகிற காலேஜ் பிள்ளைகள் எல்லாம் இந்தப் பைத்தியத்தில்தான் திரிகிறார்கள்.

எல்லாப் பிராசஸர் சில்லும் இதற்குத் தாங்காது. தர்பூசணியைத் தட்டிப் பார்த்து வாங்குகிற மாதிரி பொறுக்க வேண்டும். வந்த சரக்கில் ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டிப் பார்த்து, உனக்கென்று ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். முதலாளி பார்த்துச் சிரித்தார். இப்படி மிச்சம் பிடிப்பதெல்லாம் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடத்தான், அது உனக்கே தெரியும்.

உம்மாவுக்கு என் ஸலாம் சொல்லு.

சலாஹுதீன்


அதிராம்பட்டினம்
3.3.1999

மச்சானுக்கு ஸலாம்.

தர்பூசணி தட்டுகிற ஆளை எனக்குத் தெரியும். நிக்காஹ் முடிந்த வருஷம் பட்டுக்கோட்டைச் சந்தையில் தட்டித் தட்டி வாங்கி வந்தது உள்ளே வெள்ளையாக இருந்தது. உம்மா இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

விளையாட்டு இருக்கட்டும். நான் கேட்பதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். எனக்கு வேகம் முக்கியமில்லை. ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் விடியும்போது முடிந்திருந்தால் போதும். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறதோ அந்த வேகத்திலேயே ஓடுகிற ஒன்றை அனுப்ப முடியாதா? நீங்கள் இருக்கிற இடம் வேறு, இந்த ஊர் வேறு. பட்டுக்கோட்டைப் பக்கம் வயல்களில் மோட்டார் போடுகிற நேரத்தில் இங்கே விளக்கு மஞ்சளாகிவிடும். ஐஸ் கம்பெனி ஓடும்போது கேட்கவே வேண்டாம். டிவி படம் ஓரத்தில் சுருங்கி நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. என் வேலை எப்படி என்று நீங்கள் பார்த்ததில்லை, ஆகையால் எழுதுகிறேன். பெண்கள் என் கேமரா முன்னால் முக்காட்டை நழுவ விட்டுச் சிரிக்கிறார்கள் என்றால், அந்த டேப்பு ஆண்கள் இருக்கிற ஸ்டூடியோவுக்குப் போகாது என்ற நம்பிக்கையில்தான். படம் தயாரானதும் அந்த வீட்டு மூத்த பெண்மணி ஒருத்தர் இங்கே வந்து உட்காருவார். அவர் கண்ணெதிரே நான் லென்ஸை மூடிவைத்து, அதே டேப்பின் மேல் முதலிலிருந்து இருட்டைப் பதிவு செய்துவிடுவேன். வெளி வீட்டில் அவர்கள் முகம் மிச்சமில்லை என்று ஆன பிறகுதான் எழுந்து போவார். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் அதை மீறினால் மறுநாள் எந்தக் கல்யாண வீட்டிலும் என்னைக் கூப்பிட மாட்டார்கள்.

அதனால் மச்சான், மெதுவாகப் போனாலும் ஏமாற்றாத சாமானாக அனுப்புங்கள்.

ஹஃப்ஸா


ஷார்ஜா
20.3.1999

ஹஃப்ஸாவுக்கு,

நீ பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. நான் பொறுக்கிய சில்லைக் கடை மேஜையில் நூறில் வைத்து, காலை திறந்ததிலிருந்து மூடுகிற வரைக்கும் ஓட்டினேன். தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்புக்கூட இல்லை. பெரிய ஃபேன் ஒன்றும் சேர்த்துப் போட்டிருக்கிறேன். கரண்டுக்கு ஸ்டெபிலைசர் வாங்கிக்கொள். மெதுவாகவே போகட்டும் என்று இப்போது சொல்லுவாய், கல்யாண சீசனில் நாலு வீட்டுக்காரர்கள் வாசலில் நிற்கும்போது என்னைத்தான் திட்டுவாய்.

என் ரூமில் இருக்கிற லியாகத் அலி ஊருக்கு வருகிறான். அவன் பெட்டியில் துணிக்குள் சுற்றி எல்லாம் வருகிறது. சிடி எழுதுகிற டிரைவ் மட்டும் இந்தத் தடவை இல்லை, அவனுக்கு எடை கூடிவிட்டது. அடுத்து வருகிற ஆளிடம் அனுப்புகிறேன். அதுவரைக்கும் படங்கள் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற டிஸ்கிலேயே இருக்கட்டும்.

இந்த வேலையில் நான் சொல்வதைக் கேள். உன் வேலையில் நான் தலையிட மாட்டேன்.

சலாஹுதீன்


அதிராம்பட்டினம்
27.4.1999

மச்சானுக்கு ஸலாம்.

பெட்டி வந்து சேர்ந்ததைப் போனில் சொன்னேன். அந்தப் பேச்சு ஸலாமுக்கும் உம்மாவின் முழங்கால் வலிக்கும்தான் சரியாக இருந்தது. மீதி இது.

உங்கள் நூறு இங்கே தாங்கவில்லை. டேப்பிலிருந்து படத்தை டிஸ்கில் ஏற்ற ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் திரை அப்படியே உறைந்துவிடுகிறது. மவுஸ் அம்பு நடுவில் செத்துக் கிடக்கிறது. ஆஃப் செய்து, ஆறவிட்டு, மறுபடி போட்டால் மறுபடியும் அதே கதை. லியாகத் அலி மனைவி வந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு தூரம் கொண்டாந்தது இதுக்குத்தானா" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஏன் என்று எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிய வழியில்லை. பெண்கள் படம் ஓடும்போது நான் ஜன்னலைத் திறக்க முடியாது மச்சான். தெருவில் போகிற பிள்ளைகள் கம்பியைப் பிடித்து ஏறிப் பார்ப்பார்கள். கதவையும் சாத்த வேண்டும். சித்திரை வெயிலில் சாத்திய அறைக்குள் நானும் மெஷினும் சேர்ந்து வேகிறோம். உங்கள் கடையில் ஏசிக்குள் ஓடின சில்லுதானே அது.

மெஹராஜ் பேகம் மாமி மகள் சாஜிதாவின் நிக்காஹ் முஹர்ரம் பிறக்கும் முன்னால் முடிந்தது. தெருவே பார்த்த கல்யாணம். மருதாணி போட்டதிலிருந்து மூன்று நாளும் எடுத்திருக்கிறேன். மாமிக்கு ஒரே மகள். டேப்பை இன்னும் ஏற்ற முடியவில்லை. மாமி ஒன்றும் கேட்பதில்லை, பால் வாங்க வருகிற சாக்கில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அறுபத்தாறுக்கே இறக்கிவிடலாமா? ஆனால் அந்த அளவில் படம் ஏறும்போது நடுநடுவே துள்ளுகிறது. என்ன செய்ய என்று உடனே எழுதுங்கள்.

ஹஃப்ஸா


ஷார்ஜா
9.5.1999

ஹஃப்ஸாவுக்கு,

நூறு தாங்கவில்லை என்றால் நடுவில் ஒரு படி இருக்கிறது. கம்ப்யூட்டரைப் போட்டதும் டிலீட் பட்டனை அழுத்தினால் நீலத் திரை வரும். அதில் எண்பத்து மூன்று என்று ஒரு அளவு இருக்கும். அதை வைத்து, சேமித்துவிட்டு வெளியே வா. முந்நூற்று எழுபத்தைந்தில் ஓடும், சூடும் குறையும், உன் துள்ளலும் போய்விடும். ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார். நிற்காமல் ஓடினால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான் கணக்கு.

ஜன்னல் விஷயம் எனக்குத் தோன்றவில்லைதான். அதற்காக ஏசிக்குள் உட்கார்ந்திருக்கிறவன் என்று சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. கடைதான் ஏசி. ரூமில் எட்டுப் பேர் படுக்கிறோம்.

சலாஹுதீன்


அதிராம்பட்டினம்
11.6.1999

மச்சானுக்கு ஸலாம்.

எண்பத்து மூன்று தாங்குகிறது. ஒரு நாள் அல்ல, மூன்று வாரமாக ஒரு தடவைகூட உறையவில்லை. சாஜிதா கல்யாணம் முழுவதையும் ஏற்றிவிட்டேன். நீங்கள் சொன்னதைக் கேட்டது நல்லதாயிற்று என்று உம்மா சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன், வைத்துக்கொள்ளுங்கள்.

மெஹராஜ் மாமி நேற்று வந்து உட்கார்ந்தார்கள். மருதாணி போடுகிற இடத்தைக் கொஞ்சம் ஓட்டிக் காட்டினேன். மகள் முகம் திரையில் வந்ததும் தலைத்துணியை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சிடி எழுதுகிற டிரைவ் வந்ததும் முழுதாகத் தருகிறேன், அதுவரைக்கும் டேப்பும் இருக்கட்டுமே மாமி என்றேன். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "அதான் பொட்டிக்குள்ள போயிடுச்சே புள்ள. டேப்பு எதுக்கு ரெண்டா கெடக்கணும்? அழிச்சிடு, நானும் நிம்மதியாப் போறேன்" என்றார்கள். அவர்கள் முன்னாலேயே லென்ஸை மூடிவைத்து அழித்தேன். இஞ்சி டீ போட்டுக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார்கள்.

டிரைவ் எப்போது வரும்?

ஹஃப்ஸா


அதிராம்பட்டினம்
17.7.1999

மச்சானுக்கு,

மெஹராஜ் மாமி மௌத்தாகிவிட்டார்கள். போன வாரம் ஃபஜ்ரு தொழுதுவிட்டு உட்கார்ந்தவர்கள் அப்படியே சாய்ந்துவிட்டார்கள். நெஞ்சுவலி என்று சொன்னதுகூட இல்லை. அன்றைக்கே அடக்கம் செய்துவிட்டார்கள். உங்களுக்குச் செய்தி வந்திருக்கும்.

வராத செய்தியை நான் எழுதுகிறேன். மூன்றாம் நாள் சாஜிதா என்னிடம் வந்தாள். கல்யாண மருதாணி மங்கிய கை, நக நுனியில் மட்டும் இன்னும் சிவப்பு இருக்கிறது. "ராத்தா, உம்மாவை ஒரு தரம் காட்டுறீங்களா" என்றாள். மாமி வாழ்நாளில் போட்டோ எடுத்துக்கொண்டது பாஸ்போர்ட்டுக்கும் ரேஷன் கார்டுக்கும்தான், அதிலும் முறைத்துக்கொண்டு இருப்பார்கள். அசைகிற முகம் என்று ஒன்று இருந்தால் அது என்னிடம்தான் இருக்கிறது. உட்கார வைத்து மெஷினைப் போட்டேன்.

படம் திறக்கவில்லை. இன்னொன்றைத் திறந்தேன், கட்டம் கட்டமாகப் பச்சையும் ஊதாவும் ஓடியது, நடுவில் ஒரு பாதி கதவு தெரிந்தது, அதோடு நின்றுவிட்டது. சில படங்களுக்குப் பெயரே புரியாத எழுத்தாக மாறிக் கிடக்கிறது. சாஜிதா என் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். கரண்டு சரியில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்று பொய் சொல்லி அனுப்பினேன். அவள் போன பிறகு உம்மா என்னைத் தண்ணீர் குடிக்க வைத்தார்கள்.

டேப்பு இல்லை மச்சான். என் கையால் இருட்டைப் பதிந்து வைத்திருக்கிறேன்.

நிற்காமல் ஓடினால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம் என்று எழுதினீர்கள். அந்தக் கடிதம் மேஜை மேலேயே இருக்கிறது. எனக்கு உங்கள் மேல் கோபமாக இருக்கிறது. எவ்வளவு என்று எழுதத் தெரியவில்லை.

ஹஃப்ஸா


ஷார்ஜா
29.7.1999

ஹஃப்ஸாவுக்கு,

மாமிக்காக துவா செய்தேன். நல்ல மனுஷி.

உன் கடிதம் வந்த அன்று கடையில் ஒரு பழைய டிஸ்கை எடுத்து எண்பத்து மூன்றில் வைத்து ஓட்டினேன். மறுநாளே அதற்குள் இருந்த பைல்கள் குழம்பியிருந்தன. நடந்தது இதுதான். நூறில் வைத்தால் டிஸ்குக்குப் போகிற தாளம் பழைய அளவிலேயே இருக்கும்படி போர்டே பார்த்துக்கொள்ளும். எண்பத்து மூன்றில் அப்படிப் பார்த்துக்கொள்ளாது. பிராசஸரைத் தூக்கின அதே கையோடு டிஸ்கையும் அதன் சக்திக்கு மேல் ஓட்டியிருக்கிறது. சில்லு தாங்கிக்கொண்டதால் மெஷின் நிற்கவில்லை. டிஸ்க் தாங்காமல் எழுதும்போதே கொஞ்சம் கொஞ்சமாகத் தப்பாக எழுதியிருக்கிறது. எங்கேயோ படித்திருக்கிறேன். இங்கே யாரும் எண்பத்து மூன்றில் வைப்பதில்லை, அதனால் மறந்துவிட்டது. சில்லின் மேல் குற்றமில்லை, போர்டின் மேலும் இல்லை.

எல்லாம் போய்விடவில்லை, அதை நம்பு. தெரிந்தவன் கையில் கொடுத்தால் கொஞ்சமாவது தோண்டி எடுப்பான். தஞ்சாவூரில் ஒருத்தர் இந்த வேலை செய்கிறார், பெயர் நடராசன், கெட்டிக்காரர் என்று ரூமில் சொன்னார்கள். டிஸ்கைக் கழற்றி உன் தம்பியிடம் கொடுத்து அனுப்பு. அவர் பைலைப் பார்ப்பாரே தவிர படத்தையா உட்கார்ந்து பார்க்கப் போகிறார்? யாருக்குத் தெரியப்போகிறது? மனசு கேட்கவில்லை என்றால் எனக்கு அனுப்பு, நான் இங்கே பார்க்கிறேன்.

சலாஹுதீன்


அதிராம்பட்டினம்
18.8.1999

மச்சானுக்கு ஸலாம்.

யாருக்குத் தெரியப்போகிறது என்கிறீர்கள். எனக்குத் தெரியுமே. தம்பியிடம் டிஸ்கைக் கழற்றிக் கொடுக்கிற வரைக்கும் போனேன். பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்துவிட்டேன். அன்றைக்கு முழுவதும் அந்தப் பை இருக்கிற பக்கம் திரும்ப முடியவில்லை. பைக்குள் முக்காடு இல்லாத பெண்கள் அத்தனை பேர் இருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றியது.

கடைசியில் மெஹராஜ் மாமி வீட்டுக்கே போனேன். மாமியின் தங்கை ஹமீதா பானு, சாஜிதா, கல்யாணத்தில் இருந்த சொந்தக்காரப் பெண்கள் பலர் இருந்தார்கள். டிஸ்க் கெட்டுவிட்டது, டேப்பு இல்லை, தோண்டி எடுக்க ஒரு ஆளிடம் கொடுக்க வேண்டும், அந்த ஆள் ஆம்பளை என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒருத்தி, இனிமேல் எங்கள் வீட்டுப் பக்கம் கேமராவைக் கொண்டு வராதே என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். இன்னொருத்தி, "ஒரு ஆம்பள பாத்துட்டுப் போறான், போகட்டும். என் மூஞ்சியப் பாத்து அவனுக்கு என்ன ஆகப்போவுது? புள்ளைக்கு அவ உம்மா முகம் வேணும்" என்றாள். மற்றவர்களும் ஒவ்வொருத்தராகச் சரி என்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஹமீதா பானு மட்டும் சரி என்று சொல்லவில்லை. எல்லோரும் சொன்ன பிறகு என்னைப் பார்த்தார்கள். "எங்க ராத்தா தெருவுல போறப்பகூட குடையைச் சாச்சுப் புடிச்சிக்கிட்டுத்தான் போவாங்க. எங்களக் கேட்டே, நாங்க சரின்னுட்டோம். அவங்கள யாரு கேக்குறது?" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை.

சாஜிதாதான் முடித்து வைத்தாள். "வேணாம் ராத்தா. வெளியே போக வேணாம். நீங்களே பாருங்க. வந்தா வரட்டும், வரலன்னா இல்ல" என்றாள். இருபது வயசுப் பெண். நான் அவளை விடப் பெரியவள் என்று சொல்லிக்கொள்ள அன்றைக்கு வெட்கமாக இருந்தது.

உங்களுக்கு அனுப்பச் சொன்னீர்கள். நீங்களும் ஆம்பளைதான் மச்சான்.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். எனக்குக் கற்றுக்கொடுங்கள். இந்தத் தடவை எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதும் முன்னால், இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

ஹஃப்ஸா


ஷார்ஜா
2.9.1999

ஹஃப்ஸாவுக்கு ஸலாம்.

கேட்கிறேன். அறை எத்தனை அகலம்? மெஷின் எந்தச் சுவர் பக்கம் இருக்கிறது, வெயில் எந்தச் சுவரில் விழும்? ஜன்னலுக்குத் துணி கட்டினால் காற்று வருமா, உருவம் தெரியுமா? கரண்டு எந்த நேரத்தில் நன்றாக இருக்கும்? டேபிள் ஃபேன் ஒன்றை மெஷினுக்கென்று ஒதுக்க முடியுமா? உனக்கு அந்த அறையில் எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது? இதையெல்லாம் பிப்ரவரியிலேயே கேட்டிருக்க வேண்டும். கடைக்கு வருகிற ஒவ்வொருத்தனிடமும், என்ன வேலைக்கு, எங்கே வைக்கப்போகிறாய் என்று கேட்டுவிட்டுத்தான் சாமானைக் கையில் எடுப்பேன். உன்னிடம் கேட்கவில்லை.

நீ பதில் எழுதும் வரைக்கும் ஒன்று மட்டும் செய்யாதே. அந்த டிஸ்கில் எதையும் புதிதாக எழுதாதே, மெஷினைப் போடவே போடாதே. எழுதினால் மிச்சம் இருப்பதும் போய்விடும். கொஞ்ச நாளில் ஊருக்கு வருகிற ஆளிடம் ஒரு புது டிஸ்கும், தோண்டி எடுக்கிற சாஃப்ட்வேரும், சிடி எழுதுகிற டிரைவும் தருகிறேன். புது டிஸ்கிலிருந்து மெஷினை ஓட்டு, பழையதை இரண்டாவதாக மாட்டிப் படிக்க மட்டும் விடு. அளவு அறுபத்தாறு. அதற்கு மேல் ஒரு புள்ளியும் வேண்டாம். எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும். ஐப்பசியில் மழை பிடித்து அறை குளிர்ந்த பிறகு ஆரம்பித்தால் இன்னும் நல்லது.

எதைத் தொட வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று தனித்தாளில் படம் போட்டு எழுதியிருக்கிறேன். திரையில் என்ன வந்தது என்று நீ எழுத வேண்டாம். எத்தனை பைல் திறந்தது என்று மட்டும் எழுது. மற்றது எனக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஹமீதா பானு கேட்ட கேள்வியை ரூமில் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சலாஹுதீன்


அதிராம்பட்டினம்
30.10.1999

மச்சானுக்கு ஸலாம்.

புது டிஸ்கும் டிரைவும் வந்து சேர்ந்தன, மழையும் பிடித்துவிட்டது. நீங்கள் கேட்டதை வைத்து ஜன்னலுக்கு உம்மாவின் பழைய வெள்ளைத் துணியை நனைத்துக் கட்டினேன். காற்று வருகிறது, வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. தம்பியைத் தெருவில் நிற்க வைத்துச் சரிபார்த்துவிட்டேன். வயலில் மோட்டார் ஓடாததால் கரண்டும் ஒழுங்காக இருக்கிறது. மெஷின் அறுபத்தாறில் ஓடுகிறது. ஒரு பைலை எடுக்க அரை நாள் ஆகிறது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பூண்டு உரிக்கிறேன், குர்ஆன் ஓதுகிறேன், சும்மாவும் இருக்கிறேன். நிற்கிறதா ஓடுகிறதா என்று இப்போது பார்ப்பதில்லை. எடுத்ததைத் திறந்து சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்ததைத் தொடுகிறேன்.

கேட்ட கணக்கு இதுதான். முக்கால்வாசி திறக்கவில்லை. திறந்ததிலும் பெரும்பாலும் கட்டங்கள். நிக்காஹ் நாள் முழுவதும் போய்விட்டது. பெண்ணை அலங்கரிக்கிற அறையில் எடுத்ததில் கொஞ்சம் மட்டும் சுத்தமாக வந்திருக்கிறது.

திரையில் வந்ததை எழுத வேண்டாம் என்றீர்கள். சாஜிதாவிடம் கேட்டேன். முகத்தை எழுதாதீங்க, மத்தது எழுதுங்க என்றாள். மாமி முகம் அதில் இல்லவும் இல்லை மச்சான். அவர்கள்தான் என் கேமராவைக் கண்டால் ஒதுங்கி ஒதுங்கிப் போனார்களே. இருப்பது ஒரு கை. சாஜிதா தலையில் பூவைச் சரிசெய்கிற கை, பழைய இரட்டை வளையல், விரலில் மாவு ஒட்டியிருக்கிறது. படம் அந்தக் கையிலேயே நிற்கிறது. குரல் மட்டும் முழுதாக இருக்கிறது.

"என்னைய எடுக்காத புள்ள. பொண்ண எடு" என்கிறார்கள் மாமி.

"எடுக்கல மாமி, நீங்க கொஞ்சம் நகருங்க" என்கிறேன் நான்.

"நகர்றேன். ஆமா, உன் மாப்புள எப்ப வர்றாராம்?"

"அவரு வரல மாமி. அவருக்குப் பதிலா கம்ப்யூட்டரு வந்துருக்கு."

மாமி சிரிக்கிறார்கள். மெதுவாக அல்ல, மூச்சு முட்டுகிற மாதிரி. கை சாஜிதாவின் தலையில் இருந்து நழுவித் தோளைப் பிடித்துக்கொள்கிறது. "அது சோறு கேக்காதுல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு முடியவில்லை. நடுவிலேயே கட்டங்கள் வந்துவிடுகின்றன.

சாஜிதாவையும் ஹமீதா பானுவையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். ஹமீதா பானு அந்தச் சிரிப்பைக் கேட்டதும் சுவரில் சாய்ந்துகொண்டார்கள். சாஜிதா அழவில்லை. மறுபடி போடச் சொன்னாள், மறுபடியும் போடச் சொன்னாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. சிடியில் எழுதிக் கொடுத்துவிட்டு, வழக்கப்படி என்னிடம் இருப்பதை அழிக்கக் கையை வைத்தேன். சாஜிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணு உங்க வீட்டுலயும் இருக்கட்டும் ராத்தா" என்றாள். நான் ஹமீதா பானுவைப் பார்த்தேன். அவர்களும் தலையசைத்தார்கள். எனவே ஒரு சிடி என் அலமாரியில் இருக்கிறது. பூட்டி, சாவியை உம்மாவிடம் கொடுத்திருக்கிறேன்.

போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சாஜிதா சொன்னாள். "உங்க மாப்புள வராம இருந்ததாலதான் ராத்தா, உம்மா அப்படிச் சிரிச்சாங்க."

அவருக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் வந்தது என்று அன்றைக்கு நான் விளையாட்டுக்குச் சொன்னதாக மாமி நினைத்துக்கொண்டார்கள். எனக்கு அது விளையாட்டு இல்லை. எடுத்த படத்தில் என் குரலைக் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

உங்கள் மேல் இருந்த கோபத்தில் பாதியை அந்தச் சிரிப்புக்காக விட்டுவிட்டேன் மச்சான். மீதிப் பாதி கடிதத்தில் தீராது. நீங்கள் வந்து, இந்த அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு என்னோடு உட்கார வேண்டும்.

ஹஃப்ஸா